‘கவனம் போதாது’ என்று எழுதும் முன்: நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில், குறிப்பு எழுத விட்டிருக்கும் சின்னக் கட்டத்தில், பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது: ‘கவனம் போதாது, முயன்றால் முடியும்.’ வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் வேலை செய்கிற எங்களுக்கு அந்த வாக்கியத்தின் முன்பாதியால் எந்தப் பயனும் இல்லை. பின்பாதியோ சில பிள்ளைகளுக்குக் கெடுதலே செய்கிறது. அது ஏன் என்று சொல்லவும், அந்தக் கட்டத்தை வேறு விதமாக நிரப்பும்படி கேட்கவுமே இந்த மடல்.

கவனம் சிதறுவது இருமலைப் போன்றது. இருமல் ஒரு நோயின் பெயர் அல்ல. பல நோய்களின் வாசல். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டைப் பாருங்கள். ஏ.டி.ஹெச்.டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டின் அறிகுறிகளில் கவனம் நிற்காமை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மனச்சோர்வின் ஒன்பது அறிகுறிகளிலும் ஒன்று, மனத்தை ஒருமுகப்படுத்த முடியாமை. முதலாவதற்கு அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒன்பதில் ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் சேர்ந்திருந்தால் போதும். அந்த ஐந்தில் சோகமோ, எதிலும் நாட்டமின்மையோ கட்டாயம் இருக்கவேண்டும். பிள்ளைகளிடம் சோகத்தின் இடத்தில் எரிச்சல் இருக்கலாம் என்று அதே கையேடு சொல்கிறது. வகுப்பில் சிடுசிடுக்கும் பையன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் போகிறான். அழுகிற பெண் ஆலோசகரிடம் போகிறாள். இருவருக்கும் ஒரே கோளாறாக இருக்கலாம்.

நோயைப் பெயரிடுவது உங்கள் வேலை அல்ல. ஆனால் மருத்துவரோ உளவியலாளரோ முதலில் கேட்கப்போகும் மூன்று கேள்விகளுக்கான விடை உங்கள் வகுப்பறையில்தான் கிடக்கிறது.

எப்போதிலிருந்து? இதற்கு நினைவை நம்ப வேண்டாம், பழைய நோட்டுப் புத்தகங்களை நம்புங்கள். இரண்டு, மூன்று ஆண்டுக்கு முந்தைய நோட்டுகள் வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். எட்டு வயதிலேயே பாதியில் நின்ற பக்கங்கள், விட்டுப்போன வரிகள், தேதியே இல்லாத வீட்டுப்பாடம் என்றிருந்தால், பிரச்சினை பழையது. ஒழுங்காக ஓடிவந்த நோட்டு ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து வெற்றுத் தாள்களாக மாறியிருந்தால், அந்த மாதத்தில் ஏதோ நடந்திருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. தொடக்க வகுப்பில் ஒரே ஆசிரியர், ஒரே அறை, மேசை மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவர். அந்தத் தாங்கலில் சமாளித்துவந்த அமைதியான, புத்திசாலியான பிள்ளை, ஏழு பாடம் ஏழு ஆசிரியர் என்றானதும் 11 வயதில் சட்டென்று சரியும். பார்க்கப் புதிதாகத் தோன்றும், உண்மையில் பழையது. பெண் பிள்ளைகளிடம் இது அதிகம் தவறிப்போகிறது, ஏனென்றால் அவர்கள் ஓடுவதுமில்லை, பெஞ்சைத் தட்டுவதுமில்லை. எனவே பழைய ஆசிரியரிடம் ‘மதிப்பெண் எப்படி?’ என்று கேட்டால் விடை கிடைக்காது. ‘பொருள்களைத் தொலைப்பாளா? ஒரு வேலையை எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது?’ என்று கேளுங்கள்.

எங்கெல்லாம்? ‘விளையாட்டில் மட்டும் கவனம் நன்றாக இருக்கிறதே, அப்படியானால் படிப்பில் சாக்குதானே?’ என்ற கேள்வி ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும். ஏ.டி.ஹெச்.டி உள்ள பிள்ளையிடம் கவனம் இல்லாமல் இல்லை; அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது. பிடித்ததில் மணிக்கணக்கில் மூழ்குவது அதன் இயல்பே. இன்னும் முக்கியமானது இதன் மறுபக்கம்: பிடித்ததிலும் நாட்டம் போய்விட்டதா? ஓவியம் வரைந்துகொண்டிருந்தவள் வண்ணப் பெட்டியைத் தொடுவதில்லை, பந்து கிடைத்தால் போதும் என்றிருந்தவன் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், கணக்கில் மதிப்பெண் குறைந்ததைவிட அது பெரிய செய்தி. விளையாட்டு ஆசிரியரையும் ஓவிய ஆசிரியரையும் யாரும் கேட்பதில்லை. முதலில் அவர்களைக் கேளுங்கள்.

அந்த நேரத்தில் மனம் எங்கே இருக்கிறது? வெளியே தாவும் கவனமும் உள்ளே சிக்கிய கவனமும் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்று ஜன்னலுக்கும் பேனா மூடிக்கும் பக்கத்துப் பையனின் காலணிக்கும் தாவிக்கொண்டேயிருக்கும். மற்றொன்று ஒரே இடத்தில் நிற்கும்: காலையில் தோழி பேசாமல் போனது, நேற்று எல்லோர் முன்னும் தடுமாறியது. திரும்பத் திரும்ப அதையே மெல்லும் இந்த அசைபோடுதலை மனச்சோர்வு நீள்வதோடு தொடர்புபடுத்தி சூசன் நோலன்-ஹோக்ஸமா என்ற உளவியலாளர் 1991இல் விளக்கினார். ஏன் இது படிப்பைத் தாக்குகிறது? மூன்றாம் வரியில் கிடைத்த எண்ணை நான்காம் வரி எழுதும்வரை பிடித்துவைத்திருக்கும் செயல்நினைவு மிகச் சிறிய இடம். அசைபோடும் எண்ணம் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டால் கணக்குக்கு இடமில்லை. பிள்ளைக்குக் கணக்கு தெரியும், போடும்போது நழுவும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். வகுப்பு முடிந்த பின், தனியாக, ‘இப்போ மனசு எங்கே போயிருந்துச்சு?’ என்று கேட்டால் போதும். இதே சொற்களை நாற்பது பேர் நடுவே கேலிக்குரலில் கேட்டால் அந்தப் பிள்ளை ஆண்டு முடியும்வரை உங்களிடம் வாய் திறக்காது.

மூன்று கேள்விகளுக்கும் முன்னால் உடலைப் பார்த்துவிட வேண்டும். கண், காது, இரத்தசோகை, தைராய்டு, தூக்கம். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும். பூப்பெய்தும் பருவத்தில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகர்வதால், சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வருவதில்லை. எனவே முதல் பாடவேளையில் மட்டும் மந்தமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்னொன்றும் உண்டு: சில வினாடிகள் மட்டும் வரும் வெறித்த பார்வை வலிப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் பார்வை நிலைகுத்தி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பிவிடும், இது திரும்பாது. அப்படிக் கண்டால் நேரத்தையும் எத்தனை வினாடி என்பதையும் குறித்துப் பெற்றோரிடம் கொடுங்கள். நரம்பியல் மருத்துவருக்கு அந்தத் துண்டுச்சீட்டு பெரிய உதவி.

இனி, ‘முயன்றால் முடியும்’ பற்றி. இந்தப் பின்பாதியைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

கவனக்குறைபாட்டோடு வளரும் பிள்ளை தொடக்கத்தில் பெரும்பாலும் உற்சாகமான பிள்ளை. ஆனால் ‘உட்கார்’, ‘எங்கே பார்க்கிறாய்’, ‘மறுபடியும் மறந்தாயா’ என்று ஒரு நாளில் பக்கத்துப் பிள்ளையைவிடப் பல மடங்கு திருத்தல்களைக் கேட்கிறது. ஆண்டுக்கணக்கில் கேட்டபின், தோல்விக்குத் தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொள்கிறது. அந்த விளக்கம் எப்படிப்பட்டது என்பதில்தான் ஆபத்து. லின் ஆப்ராம்சன், மார்ட்டின் செலிக்மன், ஜான் டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1978இல் எழுதியதன் சாரம் இது: தோல்விக்குக் காரணம் ‘நான்தான்’, அது ‘என்றைக்கும் இப்படித்தான்’, ‘எல்லாவற்றிலும் இப்படித்தான்’ என்று ஒருவர் எண்ணும்போது நம்பிக்கை அற்றுப்போகிறது. ‘இந்தக் கணக்கு கடினம்’ என்பது கடந்துபோகும். ‘நான் மக்கு’ என்பது கடப்பதில்லை. ஏற்கெனவே முழுமூச்சாக முயன்றுகொண்டிருக்கும் பிள்ளையின் காதில் ‘முயன்றால் முடியும்’ என்பது ‘நீ முயலவில்லை’ என்று விழுகிறது. அதற்கு அடுத்தபடியாக, ‘முயன்றும் முடியவில்லையே, அப்படியானால் நான் யார்?’ என்று. கவனக்குறைபாட்டின் மேல் மனச்சோர்வு வந்து படியும் வழிகளில் இது ஒன்று. அப்போது இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது நிற்காது.

11, 12 வயதில் இது கூர்மையாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தன் எண்ணத்தைத் தானே பார்ப்பது, அடுத்தவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்வது ஆகியவை அப்போதுதான் வலுப்பெறுகின்றன. இயற்கணிதத்துக்குக் கதவு திறக்கிற வளர்ச்சியே அசைபோடுதலுக்கும் திறந்துவிடுகிறது. சிறுவயதில் பெண், ஆண் இருபாலரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் மனச்சோர்வு, ஏறத்தாழ 13 வயதுக்குப் பின் பெண்களிடம் கூடத் தொடங்கி, சில ஆண்டுகளில் இரு மடங்கை எட்டுகிறது.

மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் விவரித்த, மனச்சோர்வில் எண்ணம் கறுத்துப்போகும் மூன்று முனைகள் (தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வரப்போவதைப் பற்றி) பன்னிரண்டு வயது வாயில் தத்துவமாக வருவதில்லை. ‘தெரியல.’ ‘எதுக்கு?’ ‘எப்படியும் தப்பாத்தான் வரும்.’ ஒரு எழுத்து பிசகினால் பக்கத்தையே கிழிப்பது, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற எண்ணம். பின் பெஞ்சில் யாரோ சிரித்தால் ‘என்னைப் பார்த்துத்தான்’ என்பது, அடுத்தவர் மனத்தைப் படித்துவிட்டதாக நம்புவது. போன வாரம் நல்லதாக என்ன நடந்தது என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்கிற பதிலை முரண்டு என்று கொள்ளாதீர்கள். மனச்சோர்வில் நினைவுகள் குறிப்பான ஒரு நாளாக வராமல் மொத்தமாக மங்கிப்போகும். கேள்வியைச் சுருக்குங்கள்: ‘செவ்வாய்க்கிழமை இடைவேளையில் யாரோடு இருந்தாய்?’

இங்கே நல்ல ஆசிரியர்களே சறுக்கும் இடம் பாராட்டு. ‘நான் மக்கு’ என்றால் நமக்குப் பதறுகிறது; ‘சேச்சே, நீ கெட்டிக்காரி!’ என்று விடுகிறோம். பிள்ளை அதை நம்புவதில்லை. ஆசிரியர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தள்ளிவிட்டு, தன் பழைய தீர்ப்புக்கே திரும்புகிறது. தள்ள முடியாதது சான்று மட்டுமே: ‘ஏழு கணக்கில் முதல் நான்கு சரி. ஐந்தாவதில் குறி மாறிப்போச்சு. அங்கே நிறுத்திட்டே.’ இதில் புகழ்ச்சி இல்லை, ஆனால் ‘எல்லாமே தப்பு’ என்ற எண்ணத்துக்கு இடமும் இல்லை. வாதாடவும் வேண்டாம், சிகிச்சை தரவும் வேண்டாம். எண்ணிக்கையோடு பேசினால் போதும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை பெரும்பாலும் செலவில்லாதவை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. சொன்னது பலகையிலும் இருக்கட்டும். 40 நிமிட வேலையைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, முதல் துண்டை அருகில் நின்று தொடங்கிவைத்துவிட்டு நகருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்கமே மலை. இருக்கை உங்கள் நடமாட்டத்துக்கு அருகில், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி. ஆனால் அது தண்டனைபோல் அறிவிக்கப்படக் கூடாது. தேர்வில் கூடுதல் நேரம் எல்லோருக்கும் ஒரே மருந்தல்ல. மனச்சோர்வில் சிந்தனையே மெதுவாவதால் அந்த நேரம் கைகொடுக்கும். ஏ.டி.ஹெச்.டியில் கடைசியில் சேர்க்கும் அரை மணி பெரும்பாலும் வீணாகும். நடுவில் ஐந்து நிமிடம் எழுந்து நடக்க விட்டால் அதைவிடப் பலன் உண்டு. வீட்டுப்பாடத்தைப் பாதியாக்கலாம்: பத்துக் கணக்குக்கு ஐந்து. ஐந்தும் அதே தரத்தில் இருக்க வேண்டும். எளிய கணக்காக மாற்றிக் கொடுத்தால் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும், ‘மக்கு’ பட்டியலில் இன்னொரு சான்று சேர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். வீட்டுப்பாடம் முடிக்காததற்குத் தண்டனையாக விளையாட்டு வேளையைப் பறிக்காதீர்கள். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைக்கு அடுத்த பாடவேளையைத் தாங்கவைப்பதே அந்த ஓட்டம்தான். மனச்சோர்வு உள்ள பிள்ளைக்கோ, உற்சாகம் வந்தபின் செயல் என்று காத்திராமல் செயலை முதலில் வைத்து உற்சாகத்தை மீட்பது சிகிச்சையின் ஒரு முக்கியப் பகுதி. நாள் முழுதும் மிஞ்சியிருந்த ஒரே செயலை நாமே பறித்துவிட்டு, பிள்ளை சோர்ந்திருக்கிறது என்று எழுதுகிறோம்.

மாணவர் மனநலம் என்றதும் பல பள்ளிகள் எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரு தியான வகுப்போ சொற்பொழிவோ ஏற்பாடு செய்கின்றன. பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையுள்ள 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. வகுப்பு முழுவதற்கும் கற்பித்த மன ஒருமைப் பயிற்சி, வழக்கமான வகுப்புகளைவிட மனச்சோர்வைக் குறைக்கவில்லை. அந்த நேரத்தையும் பணத்தையும் ஐயத்துக்குரிய ஐந்து பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேசச் செலவிடுவதே மேல் என்பது எங்கள் கருத்து.

வினாத்தாள்கள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும், வளரிளம் பருவத்துக்கான பி.ஹெச்.க்யூ. தாளில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நிபுணர் பார்க்க வேண்டும். அது நோயின் தீர்ப்பு அல்ல. ஏழாம் கேள்வி கவனத்தைப் பற்றியது என்பதால் ஏ.டி.ஹெச்.டி மட்டும் உள்ள பிள்ளைக்கும் அதில் மதிப்பெண் ஏறும். ஒன்பதாம் கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. அந்த விடையை அன்றே படித்து, அன்றே அந்தப் பிள்ளையோடு உட்கார ஆள் இல்லையென்றால் தாளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை முதல்முறையாக எழுதிக் கொடுத்த உண்மை, அலமாரியில் ஒரு வாரம் கிடக்கக் கூடாது.

அந்த எண்ணத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்டால் விதைத்ததாகிவிடுமோ என்ற பயம் பரவலாக உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களின் மனவேதனையோ அந்த எண்ணமோ கேட்கப்படாதவர்களைவிடக் கூடவில்லை. எனவே சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ ஆம் என்றால், ‘எப்படின்னு யோசிச்சிருக்கியா?’ முகம் சுளிக்காமல், உபதேசம் செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். பெற்றோர் நேரில் வரும்வரை பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, கழிவறைக்குப் போனாலும் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது கூடவே கூடாது. வீட்டில் மருந்துகளையும் பூச்சிக்கொல்லியையும் அன்றே பூட்டிவைக்கச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள, 12 முதல் 17 வயது வரையான 439 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 12 வார முடிவில் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும், சிந்தனை-நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள். மருந்து மட்டும் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் 43, வெற்று மாத்திரை 35. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மனச்சோர்வு மருந்துகள் இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்ற எச்சரிக்கையை மருந்தின் தகவல் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்டு இடச் செய்தது. மருந்து தொடங்கிய, அளவு மாற்றிய முதல் சில வாரங்களில் படபடப்பு, தூக்கமின்மை, திடீர் மாற்றம் எதையாவது பார்த்தால் அன்றே பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம்; மருந்தை நிறுத்தச் சொல்வது அல்ல. ஏ.டி.ஹெச்.டிக்கான மருந்து பலவற்றில் காலையில் தெளிவும் பிற்பகலில் சரிவுமாக இருக்கும், மதியப் பசியும் குறையும். முதல் வேளைக்கும் கடைசி வேளைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தால் மருத்துவர் அளவையும் நேரத்தையும் சரிசெய்வார். ‘இன்னைக்கு மாத்திரை போடலையா?’ என்று வகுப்பில் கேட்பவர்களை என்ன சொல்வது!

பெற்றோரை அழைக்கும்போது நோயின் பெயர் எதையும் சொல்லாதீர்கள். இரண்டு வாரக் குறிப்பைக் கொடுங்கள்: தேதி, பாடவேளை, கொடுத்த வேலை, கண்டது, எவ்வளவு நேரம். பத்து வரி போதும். ‘சோம்பேறி’, ‘அக்கறையில்லை’ போன்ற சொற்கள் அதில் வேண்டாம். அவை நீங்கள் கண்டவை அல்ல, நீங்கள் முடிவுகட்டியவை. தேர்ச்சி அறிக்கையின் அந்தச் சின்னக் கட்டத்துக்கும் இதே முறைதான். இப்படி எழுதினால் எங்களுக்குப் போதும்: ‘முதல் பருவத்தில் எல்லா வீட்டுப்பாடமும் வந்தது. இரண்டாம் பருவத்தின் மூன்றாம் வாரத்திலிருந்து பத்தில் நான்குதான் வருகிறது. வாய்மொழியாகக் கேட்டால் விடை சொல்கிறாள். எழுதத் தொடங்குவதற்குத் தாமதமாகிறது. கூடைப்பந்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் பெற்றோருடன் பேச விரும்புகிறேன்.’

இப்படிக்கு,
வளரிளம் பருவ மனநலப் பணியாளர்கள்